கால் அசையாவிட்டால் கார் ஓட்ட முடியாதா?

கொழும்பில் ஓட்டோவில் ஏறாதவர் இருக்க முடியாது. அடுத்த முறை ஏறும்போது சாரதியின் கைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வலது கைப்பிடியைத் திருக வேகம் கூடும். இடது கையில் கிளச் இருக்கும். அந்தப் பக்கக் கைப்பிடியையே திருப்பிக் கியர் மாற்றுவார். வண்டியை வளைப்பதும் அதே கைகள்தான். காலுக்கு மிஞ்சுவது பிரேக் மட்டும். ஸ்கூட்டியில் அதுவும் கிடையாது; முன் பிரேக்கும் பின் பிரேக்கும் கையிலேயே இருக்கின்றன. காலி வீதி நெரிசலில் பஸ்களுக்கு நடுவே புகுந்து போகிற இந்த வண்டிகளைப் பார்த்து, "ஐயோ, கையால் ஓட்டுகிறார்களே" என்று யாரும் பதறுவதில்லை.

ஆனால் இடுப்புக்குக் கீழே இயக்கமில்லாத ஒருவர் கார் ஓட்டுகிறார் என்று சொல்லிப் பாருங்கள். "அதெப்படி, கால் ஏலாதே?" என்பார்கள். அடுத்த கேள்வி, "ஆர் லைசன்ஸ் குடுத்தது?" என்று வரும்.

என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா, வெள்ளவத்தையில் இருக்கிறார். மோட்டார் சைக்கிள் விபத்தில் முள்ளந்தண்டு அடிபட்ட நாளிலிருந்து சக்கர நாற்காலிதான். தினமும் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறார். அவரோடு பல இடங்களுக்குப் போனதில், மேற்சொன்ன இரண்டு கேள்விகளையும் நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. வாதம் என்றால் உடம்பில் உண்மையில் என்ன நடக்கிறது, கார் என்பது உண்மையில் எப்படி ஓடுகிறது என்ற இரண்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தராத விஷயங்கள். இரண்டையும் அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

வாதம் என்பது ஒரே நோய் அல்ல

காலைத் தூக்க வேண்டும் என்று மூளை நினைத்தால், அந்தக் கட்டளை முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் வழியாக இறங்கி, நரம்பு வழியாகத் தசைக்குப் போக வேண்டும். இந்த வழியில் எங்கே அறுந்தாலும் தசை அசையாது. தசையில் பிழை இல்லாமல் இருக்கலாம், மூளையிலும் பிழை இல்லாமல் இருக்கலாம். இடையில் பாதை அறுந்திருக்கும். எங்கே அறுந்தது என்பதை வைத்துத்தான் யாருக்கு என்ன முடியும், என்ன முடியாது என்பது தீர்மானமாகிறது.

முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகள் பிரிகின்றன. கழுத்தில் பிரிபவை கைகளுக்கும், நெஞ்சுப் பகுதியில் பிரிபவை உடலின் நடுப்பகுதிக்கும், அதற்குக் கீழே பிரிபவை கால்களுக்கும், சிறுநீர்ப்பைக்கும், குடலுக்கும் போகின்றன. அடிபட்ட இடத்துக்கு மேலே உள்ளவை வழக்கம்போல வேலை செய்யும், கீழே உள்ளவைதான் பாதிக்கப்படும். அண்ணாவுக்கு அடிபட்டது நெஞ்சுப் பகுதியின் 10ஆவது முள்ளெலும்பில். வைத்தியர்கள் டி-10 என்று எழுதுவார்கள். தொப்புளுக்குக் கீழே அவருக்கு உணர்வும் அசைவும் இல்லை. தோளும் கையும் விரலும் உங்களுடையதையும் என்னுடையதையும் போலத்தான். சொல்லப்போனால் எங்களுடையதைவிட உறுதியானவை, ஏனென்றால் உடம்பின் முழுப் பாரத்தையும் நாள் முழுக்க அவைதான் தூக்குகின்றன.

கழுத்தில் அடிபட்டால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு படியும் பெரிய வித்தியாசம். கழுத்து நரம்புகளை மேலிருந்து எண்ணி சி-1, சி-2 என்று எழுதுவார்கள். சி-5 வரை வேலை செய்தால் தோளை அசைக்கலாம், முழங்கையை மடக்கலாம். சி-6 இருந்தால் மணிக்கட்டை மேலே தூக்கலாம். சி-7 இருந்தால் முழங்கையை நீட்டித் தள்ளலாம். விரல்கள் சரியாக மடங்க இன்னும் ஒரு படி கீழே போக வேண்டும். ஒரு முள்ளெலும்பின் இடைவெளியில் ஒருவர் தானே சாப்பிடுவதும், தானே கட்டிலிலிருந்து இறங்குவதும், தானே கார் ஓட்டுவதும் மாறிப்போகிறது. அதனால்தான், "அவருக்கு வாதம்" என்று மட்டும் கேள்விப்பட்டுவிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

இது முண்ணாண் பாதிப்பு மட்டும். பாரிசவாதம் மூளையில் நடப்பது. மூளையின் இடப்பக்கம் இரத்தம் தடைப்பட்டால் உடம்பின் வலப்பக்கம் சோர்ந்துபோகும். போலியோவோ இயக்க நரம்புகளின் கலங்களை மட்டும் தாக்குவது. அதனால் கால் சூம்பிப்போனாலும் தொட்டால், சுட்டால், கிள்ளினால் அவருக்கு எல்லாம் தெரியும். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் இன்றும் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். பலருக்குக் கார் ஓட்டுவதற்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. முண்ணாண் முழுவதும் அறுபடாமல் பகுதியாகப் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு உணர்வு இருந்து அசைவு இல்லாமல் இருக்கலாம், அல்லது நாலடி நடந்து அதற்குமேல் முடியாமல் போகலாம்.

இந்தக் கடைசிக் கூட்டத்தினர் படும் பாடுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது. சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் கார்க் கதவைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டால், சுற்றி நிற்பவர்கள் ஏதோ கள்ளத்தைக் கண்டுபிடித்ததுபோலப் பார்க்கிறார்கள். நிற்க முடிவது வேறு, நடக்க முடிவது வேறு, சந்தை முழுக்க நடந்து திரிய முடிவது வேறு. மூன்றாவது முடியாதவருக்கு நாற்காலி வேண்டும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

காலின் வேலையைக் கை எடுத்துக்கொள்வது

இனி காருக்கு வருவோம். ஓட்டோமெட்டிக் கியர் உள்ள காரில் காலுக்கு இருக்கும் வேலை இரண்டு மிதிகளை அழுத்துவது, அவ்வளவுதான். அந்த மிதிகளுக்கு யார் அழுத்துகிறார்கள் என்று தெரியாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு நெம்புகோலைப் பூட்டி, அதிலிருந்து இரும்புத் தண்டுகளைப் பிரேக் மிதிக்கும் எக்ஸலேட்டர் மிதிக்கும் இணைத்துவிட்டால் அழுத்தும் வேலையைக் கை செய்யும். பரவலான ஒரு வகையில், நெம்புகோலை முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். பிரேக்கைத் தள்ளும் பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வண்டி சடாரென்று நிற்கும்போது உடம்பு முன்னால் சாயும். அந்தச் சாய்வு கையைப் பிரேக் பக்கமே கொண்டுபோகும், வேகத்தின் பக்கம் போகாது.

மற்றக் கை ஸ்டியரிங்கில் இருக்கும். ஒரு கையால் முழுச் சுற்றும் சுற்ற வேண்டும் என்பதால் சக்கரத்தில் ஒரு குமிழ் பூட்டுவார்கள். அதைப் பிடித்தபடி, கையை எடுக்காமலே வட்டமாகச் சுற்றலாம். விரல் மடங்காதவர்களுக்குக் குமிழுக்குப் பதிலாக மூன்று முனைகளுள்ள பிடி ஒன்று உண்டு. இரண்டு முனைகள் மணிக்கட்டைத் தாங்கும், ஒன்று உள்ளங்கைக்குள் நிற்கும். பிடிக்காமலே பிடித்த மாதிரி. கழுத்தில் சி-6, சி-7 மட்டத்தில் அடிபட்டவர்களில் பலர்கூட, ஸ்டியரிங்கும் பிரேக்கும் இலகுவாக இயங்கும் வாகனத்தில், இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

கண்ணில் படாத ஒரு சின்னப் பாகம் எனக்கு மிக முக்கியமாகத் தெரிகிறது. மிதிகளுக்கு முன்னால் ஒரு மறைப்புத் தகடு. உணர்வில்லாத கால்களில் சில நேரம் இழுப்பு வரும். கால் தானாக உதறும், விறைக்கும். ஓட்டுபவருக்கு அது தெரியாமலேகூட இருக்கும். அந்தக் கால் எக்ஸலேட்டரில் போய் விழாமல் தகடு காக்கிறது. வேறு யாரும் ஓட்ட வேண்டுமென்றால் தகட்டைக் கழற்றிவிட்டு வழக்கம்போல மிதித்து ஓட்டலாம். நெம்புகோல் பூட்டியதால் கார் மற்றவர்களுக்கு உதவாமல் போய்விடாது. பல குடும்பங்கள் தயங்குவது இந்த ஒரு சந்தேகத்தால்தான்.

பாரிசவாதத்தில் வலது கால் விழுந்தவருக்கு இவ்வளவும் வேண்டாம். எக்ஸலேட்டரை இடது காலின் பக்கம் மாற்றி வைக்கும் மிதி ஒன்றும், ஒரு கையால் சுற்றக் குமிழ் ஒன்றும் போதும்.

இவை நேற்று வந்தவையும் அல்ல. ஜப்பானில் ஹொண்டா நிறுவனம் கையால் இயக்கும் கருவியை 1976இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரு கைகளும் இல்லாதவர் காலாலேயே ஸ்டியரிங்கைத் திருப்பி ஓட்டும் முறையை 1982இல் கொடுத்தது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த க்ளே ரெகாசோனி என்ற ஃபார்முலா வண் கார்ப் பந்தய வீரர் 1980இல் லாங் பீச் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி இடுப்புக்குக் கீழ் இயக்கத்தை இழந்தார். பிறகு கையால் இயக்கும் வாகனத்தில் டக்கார் பாலைவனப் பந்தயத்தில் ஓடினார். கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்த அமெரிக்கப் பந்தய வீரர் சாம் ஷ்மிட், தலையசைவால் திருப்பி மூச்சால் வேகத்தையும் பிரேக்கையும் இயக்கும் காரை வீதியில் ஓட்ட, நெவாடா மாநிலம் 2016இல் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. அந்தக் கார் எங்கள் கைக்கு எட்டாதது. நெம்புகோலும் குமிழும் அப்படியல்ல. அவை எளிய இயந்திரப் பாகங்கள்.

"அவசரத்தில் பிரேக் போட முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு: காலால் ஓட்டும்போது எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்குக்கு நகர்த்தி, பிறகு அழுத்துகிறோம். கை நெம்புகோலில் நகர்த்தும் வேலை இல்லை. கை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது, திசையை மாற்றித் தள்ளினால் போதும். இரண்டு கைகளுக்கும் நிரந்தர வேலை இருப்பதால் அண்ணாவால் ஓடும்போது போனைத் தொடவும் முடியாது. அவருடைய காரில் போகும்போது எனக்கு அது ஒரு நிம்மதி.

உண்மையில் கடினமானது எது

ஓட்டுவது இலகு, ஏறுவதுதான் வேலை. அண்ணா காரில் ஏறுவதைப் பார்த்தால் விளங்கும். சாரதிக் கதவை முழுக்கத் திறந்து, நாற்காலியை ஆசனத்துக்குச் சாய்வாக நெருக்கி நிறுத்தி, பிரேக்கைப் பூட்டுவார். நாற்காலிக்கும் ஆசனத்துக்கும் இடையில் வழவழப்பான பலகை ஒன்றைப் பாலமாக வைப்பார். ஒரு கையை முட்டியாக்கி ஆசனத்தில் ஊன்றி, தலையை எதிர்ப் பக்கம் தாழ்த்தி, இடுப்பைத் தூக்கி உள்ளே போடுவார். பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். அதோடு முடியவில்லை. வெளியே நிற்கும் நாற்காலியின் இரண்டு சில்லுகளையும் பொத்தானை அழுத்திக் கழற்றிப் பின் ஆசனத்தில் எறிந்துவிட்டு, சட்டத்தைத் தன் நெஞ்சுக்கு மேலாகத் தூக்கிப் பக்கத்து ஆசனத்தில் வைப்பார். இவ்வளவுக்கும் கதவு முழுதாகத் திறக்க இடம் வேண்டும். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் யாராவது அரை அடி இடைவெளியில் வாகனத்தைக் கொண்டுவந்து நெருக்கி நிறுத்திவிட்டால், அந்த உரிமையாளர் வரும்வரை வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான்.

வெயில் சாதாரண சங்கடம் அல்ல. முண்ணாணின் மேற்பகுதியில் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. உடம்பு தன்னைக் குளிர்விக்க முடியாமல் சூடேறும். கொழும்பு மதியத்தில் அவர்களுக்கு ஏசி சொகுசு அல்ல, மருந்து மாதிரி. உணர்வில்லாத தோல் சூடான ஆசனத்திலும் இரும்புக் கொக்கியிலும் பட்டால் வெந்து கொப்பளித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தமாக இருந்தால் படுக்கைப் புண் வரும். அது ஆறுவதற்கு மாதக் கணக்காகலாம். காலிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் நெடும்பயணத்தில் வண்டியை இடையிடையே நிறுத்தி, கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். நடுவுடலைத் தாங்கும் தசை இல்லாதவர் வளைவில் சாயாமல் இருக்க நெஞ்சுப் பட்டியும் வேண்டும்.

டி-6 மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களும், அவர்களோடு போகிறவர்களும் இன்னொன்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்தாலோ, சிறுநீர் போகப் பொருத்திய குழாய் மடிந்தாலோ இரத்த அழுத்தம் திடீரென்று உச்சத்துக்கு ஏறலாம். தலை இடியாய் இடிக்கும், முகம் சிவக்கும், மேலுடம்பு வியர்க்கும். அந்த இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, காரணத்தைத் தேடி நீக்க வேண்டும். அடங்காவிட்டால் உடனே வைத்தியசாலை. இது உயிர் ஆபத்து.

எல்லோரும் ஓட்டலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பாரிசவாதத்துக்குப் பிறகு கைகால் நன்றாகத் தேறிய ஒருவருக்குப் பார்வையின் ஒரு பாதி இல்லாமல் போயிருக்கலாம். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துபோவதும் உண்டு. அவர் நடப்பதைப் பார்த்து வீட்டார் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அது பெரிய ஆபத்து. அதே வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கும் இன்னொருவருக்குக் கண்ணும் கவனமும் தெளிவாக இருந்தும் சாவியை மறைத்து வைப்பார்கள். வலிப்பு, பார்வை, கவனம், தூக்கம் வரவைக்கும் மருந்து: ஓட்டலாமா கூடாதா என்று பார்க்க வேண்டியது இவற்றில். எங்கள் ஆட்கள் காலைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

கூட நிற்பவரிடம் கேட்கும் பழக்கம்

கடைக்குப் போனால், அண்ணா பக்கத்தில் இருக்கும்போதே கடைக்காரர் என்னிடம் கேட்பார்: "தம்பி, இவருக்கு என்ன வருத்தம்?" அண்ணாவே பதில் சொல்வார்: "வருத்தம் ஒண்டும் இல்லை ஐயா, ரெண்டு கிலோ சம்பா தாங்கோ." முண்ணாணில் அடிபட்டவர் நோயாளி அல்ல. காய்ச்சலும் இல்லை, தொற்றும் இல்லை. அறிவும் கேள்வியும் பேச்சும் பணமும் அவரிடமே இருக்கின்றன. பிறப்பிலிருந்து பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கு இது இன்னும் மோசம். வாய்த் தசை ஒத்துழைக்காததால் பேச்சு குழறும். குழறும் பேச்சைக் கேட்டவுடன் அறிவும் அப்படித்தான் என்று முடிவு கட்டி, முப்பது வயதுக்காரரிடம் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுவார்கள். பொறுமையாகக் கேட்டாலே போதும்.

கேளாமல் நாற்காலியைப் பிடித்துத் தள்ளுவதும் உதவி அல்ல. பலகையில் பாதி உடம்பு இருக்கும்போது ஒருவர் அன்போடு வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினால் சமநிலை தப்பிக் கீழே விழ நேரிடும். "உதவி வேணுமா?" என்று கேட்டு, "வேண்டாம்" என்றால் விட்டுவிடலாம்.

வீட்டுக்குள் இருந்து வருவது, "ஏன் கஷ்டப்படுறாய், நான் ஏத்திக்கொண்டு போறன்தானே" என்பது. பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு நேரம் இருந்தால்தான் வேலை, நேர்முகத் தேர்வு, நண்பனின் கல்யாணம் எல்லாம் என்றாகிவிடும். எங்கள் பஸ்களின் படி உயரத்தையும், நடைபாதைகளின் நிலையையும் பார்த்தவர்களுக்கு, கொழும்பில் நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு கார் என்ன என்பது விளங்கும். சட்டத்தில் குறைவில்லை. ஊனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் பாகுபாட்டைத் தடுக்கிறது. பொது இடங்களுக்குள் போய்வரும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஓடிக்கொண்டிருந்த கார்மேல் மரம் விழுந்து இடுப்புக்குக் கீழ் இயக்கமிழந்த அஜித் பெரேரா, அந்த விதிகளைச் செயற்படுத்தக் கோரி உயர் நீதிமன்றம் போய் 2011இல் கட்டளை பெற்றார். ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அவ்வளவுக்குப் பிறகும் சாய்தளம் உள்ள கட்டடத்தில் சாய்தளத்தின் அடியில் மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஓட்ட நினைப்பவர் எங்கே தொடங்குவது

முதலில் உங்களைப் பார்க்கும் புனர்வாழ்வு வைத்தியரிடமும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடமும் பேசுங்கள். கையின் பலம், உட்காரும் சமநிலை, இழுப்பு, பார்வை எல்லாவற்றையும் பார்த்து எந்தக் கருவி பொருந்தும் என்று சொல்லக் கூடியவர்கள் அவர்கள். ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றவர்களிடையே ஏற்கெனவே ஓட்டுபவர்கள் இருந்தால் அவர்களையும் தேடிப் பேசுங்கள். அவர்கள் சொல்வது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு வேண்டிய வைத்தியச் சான்றிதழைத் தருவது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம். அதன் தலைமையகம் நுகேகொடையில் இருக்கிறது. அனுமதிப்பத்திர வேலைகள் வேரஹெரவில், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில். போகும்போது உங்கள் பாதிப்பின் மட்டத்தையும், கைகளின் நிலையையும் எழுதிய வைத்தியரின் கடிதம் கையில் இருந்தால், நாற்காலியைப் பார்த்து முடிவெடுக்கும் இடத்தில் பேச்சு கடிதத்துக்குத் திரும்பும்.

காரைப் பொறுத்தவரை எங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானிலிருந்து வந்த சின்னக் கார்கள் பெரும்பாலும் ஓட்டோமெட்டிக். விலைதான் இடி. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கும்வரை பழைய கார்களின் விலையும் எங்கோ போய்விட்டது. வாங்கும் முன் நாற்காலியோடு போய் ஏறிப் பாருங்கள். ஆசனம் நாற்காலியின் உயரத்தோடு கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். கதவு அகலத் திறக்க வேண்டும். நாற்காலியின் சட்டத்தை நெஞ்சுக்கு மேலாகத் தூக்கிக் கொண்டுபோக ஸ்டியரிங்குக்கும் உங்களுக்கும் இடையில் இடம் வேண்டும். நெம்புகோலைப் பிரேக் வேலை தெரிந்தவரைக் கொண்டே பூட்டுங்கள். பிரேக் தண்டின் ஒரு திருகு தளர்ந்தால் உயிர் போகும், அதில் மலிவு பார்க்கக் கூடாது.

பழக்கம் வெறும் மைதானத்தில் தொடங்கட்டும். முன்பு பல வருடம் காலால் ஓட்டியவர்களுக்குத்தான் முதலில் தடுமாற்றம் கூட. மூளை காலைத் தேடும், கை ஒரு கணம் பிந்தும். புதிதாகப் பழகுபவருக்கு அந்தப் பழைய பழக்கம் இல்லை. தள்ளு என்றால் நில் என்பது யோசிக்காமல் வரும்வரை காலி வீதி நெரிசல் பக்கம் போக வேண்டாம். கருவி பூட்டிய அன்றே காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். மாற்றத்தை அறிவிக்காமல் ஓடி விபத்து நடந்தால், நட்டஈட்டை மறுக்க அவர்களுக்கு அது ஒரு காரணமாகிவிடும்.